மேசையை அப்புறம் பிடிக்கலாம், முதலில் நாளைப் பாருங்கள்

சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், குவைத், சிட்னி என்று எங்கெங்கோ இருந்துகொண்டு, விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊர் வரும் கடலூர், சிதம்பரம் பிள்ளைகளுக்கு,



நவம்பர் பிறந்தால் போதும், ஊரோடு இருக்கிற எங்கள் கைபேசிக்கு உங்கள் செய்தி வந்துவிடும். “இந்தத் தடவை எல்லாரும் ஒண்ணா வர்றோம். ஒருநாள் குடும்பத்தோட சாப்பிட நல்ல ரெஸ்டாரண்டா பார்த்து வைங்க. செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க.” கூடவே நாலைந்து கடைகளின் படமும், எதற்கு எத்தனை நட்சத்திரம் என்ற கணக்கும் வரும். ஒருவர் சித்தப்பாவைக் கேட்பீர்கள், இன்னொருவர் அத்தையைக் கேட்பீர்கள். நாங்களும் ஆளுக்கொரு பதில் சொல்வோம். கடைசியில் வீட்டு ஜனம் அத்தனையும் இரண்டு வேனில் ஏறி, ஒரு மணிக்குப் போக வேண்டிய இடத்துக்கு மூன்று மணிக்குப் போய் நிற்கும். “மீல்ஸ் முடிஞ்சிடுச்சு சார், ஃப்ரைட் ரைஸ் வேணா போடச் சொல்லட்டுமா?” என்பார் சர்வர். ஆயா எதுவும் பேசாமல் ஒரு தயிர் சாதம் கேட்பார். அதுதான் விசேஷச் சாப்பாடு என்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவோம்.

இது வருஷா வருஷம் பல வீடுகளில் நடக்கிற கூத்து. அதனால்தான் எல்லாருக்கும் பொதுவாக இந்த மடல். சொல்ல வந்தது இதுதான்: நம் மாவட்டத்தில் விசேஷச் சாப்பாட்டுக்குக் கடை தேடுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். அடுத்து, வீட்டில் யார் மூத்தவரோ அவரைப் பாருங்கள். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் கடை தன்னால் அமையும். சில நாளைக்குக் கடையே வேண்டியிருக்காது.

நீங்கள் இருக்கும் ஊரில் இந்தக் கவலை இல்லை என்பது தெரியும். சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கிற கோமள விலாஸுக்கு ஜனவரியில் போனாலும் ஜூலையில் போனாலும் தோசை தோசைதான். ரேஸ்கோர்ஸ் சாலையில் மீன் தலைக் கறி சாப்பிடப் போகிறவர் அன்று கடலில் என்ன நிலவரம் என்று கேட்டுவிட்டா போகிறார்? மீன் எந்தக் கடலிலிருந்தோ வந்து சேர்ந்துவிடும். இங்கே சமையல் இன்னும் கோயிலுக்கும் கடலுக்கும் மழைக்கும் கட்டுப்பட்டதாகத்தான் இருக்கிறது. நாள் தெரியாமல் போனால் நல்ல கடையிலும் நல்ல சாப்பாடு கிடைக்காது.

முதலில் சிதம்பரம் நடராஜர் கோயில் மார்கழித் திருவாதிரை. டிசம்பரில் வருகிற பல பேர் இதை உத்தேசித்துத்தான் டிக்கெட் போடுகிறீர்கள். ஆனால் அது ஆங்கிலத் தேதிக்கு அடங்காது. 2023-இல் டிசம்பர் 27 அன்று ஆருத்ரா தரிசனம். அடுத்தது 2025 ஜனவரி 13-இல், போகிப் பண்டிகையன்று வந்தது. நடுவில் 2024-ஆம் ஆண்டுக் காலண்டரில் தரிசன நாளே இல்லை. அதற்கடுத்தது 2026 ஜனவரி 3. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை டிசம்பரோடு முடிந்துவிடும். எனவே பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் டிக்கெட் போட்டால், தேரும் இல்லை, தரிசனமும் இல்லை. கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நாள் சரியாக அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தரிசனத்துக்கு முதல் நாள் தேர். கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி நாலிலும் அன்று வண்டி நுழையாது. தேர் வலம் முடிந்து நடராஜர் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போவார். மறுநாள் விடிவதற்கு முன்பே அங்கே மகாபிஷேகம், பிறகு திருவாபரண அலங்காரம். அவர் ஆடியபடி சித்சபைக்குத் திரும்பும் தரிசனம் கிடைக்கப் பிற்பகல் ஆகிவிடும். அன்றைக்கு மதியம் ஒரு மணிக்கு எந்தக் கடையில் மேசை பிடித்தாலும் வீண். ஒன்று தரிசனம் போகும், இல்லாவிட்டால் மேசை போகும்.

அன்றைய விசேஷச் சாப்பாடு களி. சேந்தனார் கொடுத்த களியை நடராஜர் ஏற்றுக்கொண்டார் என்ற கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. பச்சரிசியையும் பயத்தம்பருப்பையும் வாசனை வர வறுத்து, ரவையாக உடைத்து, வெல்லப் பாகில் வேகவிட்டு, தேங்காய்த் துருவலும் நெய்யும் ஏலக்காயும் சேர்த்து இறக்குவது. பக்கத்தில் எழுகறிக் கூட்டு. பரங்கி, வாழைக்காய், அவரை, மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு என்று அந்தப் பருவத்தில் சந்தைக்கு வருகிற காய்கிழங்கெல்லாம் புளியில் கூடிக் கொதித்திருக்கும். இனிப்புக் களியின் நடுவில் குழி செய்து அந்தக் கூட்டை ஊற்றிச் சாப்பிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் முதல் வாய்க்கு முகம் சுளிப்பார்கள். விட்டுவிடுங்கள், இரண்டாவது வாய்க்கு அவர்களே கை நீட்டுவார்கள். இதை எந்தக் கடையின் சாப்பாட்டுப் பட்டியலிலும் தேடாதீர்கள். ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் அன்றைக்குக் களி உண்டு. தரிசன நாளுக்கு என் யோசனை இதுதான்: எங்கேயும் முன்பதிவு செய்யாதீர்கள், வீட்டுக்கு வந்து உட்காருங்கள்.

சிதம்பரத்துக்கு வந்துவிட்டு கொத்சு சாப்பிடாமல் போகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மல்லி, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாயை வறுத்துப் பொடித்து, நல்லெண்ணெயில் வதக்கிய கத்திரிக்காயைப் புளியில் குழைய வேகவைத்து, அந்தப் பொடியைத் தூவி இறக்குவது நம் கொத்சு. இட்லிக்கு அது காலை நேரத்துத் துணை. கோயில் பக்கம் வந்தால் மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் சம்பா சாதத்தோடு சேரும். பல சாப்பாட்டுக் கடைகளில் காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கொத்சு தீர்ந்துவிடும். இரவில் போய்க் கேட்டுவிட்டு, “சிதம்பரத்துலயே கொத்சு இல்லையாம்” என்று படத்தோடு பதிவு போடுவது நியாயமா? உங்கள் குடும்பத்துக்கென்று அர்ச்சனை செய்யும் தீட்சிதர் இருந்தால், இரண்டு நாள் முன்னால் சொல்லிவையுங்கள். சம்பா சாதமும் கொத்சும் பிரசாதமாக வீடு வந்து சேர ஏற்பாடு செய்து தருவார். எந்த ஹோட்டலிலும் கிடைக்காத சாப்பாடு அது.

இனி கடல். “மீன் சாப்பாடு வேணும், பிச்சாவரம் பக்கமா பாருங்க” என்று கேட்பவர்கள் அதிகம். வாருங்கள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிறது, பக்கத்தில் அன்னங்கோயில், முடசலோடை, கிள்ளை. வடக்கே கடலூர் முதுநகர்த் துறைமுகம். வஞ்சிரம், வவ்வால், சங்கரா எல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே வந்தால் கழிமுகத்து ருசியைக் கேளுங்கள்: கொடுவா, மடவை, இறால், சதைப்பிடிப்பான நண்டு. ஆனால் கேட்பதற்கு முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, மழைக்காலம். நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானால் கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். கூண்டு ஏறியிருக்கிறது என்று செய்தியில் பார்த்தால், அன்று உங்கள் தட்டுக்கு வருவது பெரும்பாலும் ஐஸ் மீன்தான். அதைத் துபாயிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம். அன்றைக்குக் காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிக் கரை ஊர்களில் விரால் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இரண்டு, தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஜூன் விடுமுறைக்கு வருகிறவர்கள் முதல் இரண்டு வாரம் மீன் விருந்து என்று அலையாதீர்கள். கரையோரம் போய்வரும் சின்னப் படகுகளின் மீன்தான் இருக்கும், விலையும் ஏறியிருக்கும். தடை முடிந்து படகுகள் திரும்பும் வரை பொறுத்திருங்கள். அதுவரைக்கும் பண்ருட்டிப் பலா இருக்கிறது. சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். முருங்கைக்காயோடு பலாக்கொட்டை போட்ட சாம்பார் அந்தப் பருவத்தில் மட்டும் வாய்க்கிற விருந்து.

மூன்று, டிசம்பர் 26. 2004-இல் அந்தக் காலையில் கடல் எதையெல்லாம் கொண்டுபோனது என்று தேவனாம்பட்டினத்திலும் கிள்ளைப் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டிலும் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அன்று மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. பால் ஊற்றி, பூத்தூவி அஞ்சலி செய்வார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எல்லாருக்கும் லீவு என்று அன்றைக்குக் குடும்ப மீன் விருந்து வைக்காதீர்கள். உங்களோடு பள்ளியில் படித்தவர்கள் அந்தக் கரைகளில் இருக்கிறார்கள்.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. பெருநாளைக்கு அவர்கள் யாரும் ரெஸ்டாரண்ட் தேடி நான் பார்த்ததில்லை. வீட்டு பிரியாணிக்குத்தான் விமானம் ஏறி வருகிறார்கள். அந்த ஒழுங்கை மற்றவர்களும் பின்பற்றினால் இந்த மடலுக்கே அவசியம் இருந்திருக்காது.

பொங்கலுக்குத் தங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. காணும் பொங்கலன்று கடலூர் சில்வர் பீச் பக்கம் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். மணலைவிட ஜனம் அதிகமாக இருக்கும். தை 5 அன்று பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்ட ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். அங்கே சுருளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு போய் ஆற்று மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் பிள்ளைகள் அதை எந்த ஓட்டல் சாப்பாட்டையும்விட நீண்ட நாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

சரி, கடையில்தான் சாப்பிட வேண்டும் என்று ஒரு நாள் அமைகிறது. வீட்டில் சமைக்கிறவர்களுக்கும் ஓய்வு வேண்டும், அது நியாயமான ஆசை. அப்போது நட்சத்திரத்தை நம்பாதீர்கள். அந்த நட்சத்திரங்களில் பாதி, வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் போகிற வழியில் இறங்கிச் சாப்பிட்டவர்கள் போட்டது. வண்டி நிறுத்த இடம் இருந்ததா, ஏசி குளிர்ந்ததா, சீக்கிரம் வந்ததா என்பதற்கான மதிப்பெண் அது. நம் ஆயா அந்த மாடிப்படி ஏற முடியுமா என்பதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

அதனால் கடையைத் தீர்மானிப்பதற்கு முன் வீட்டில் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். “எங்க வேணா கூட்டிட்டுப் போங்க, எனக்கு எதுவா இருந்தாலும் சரி” என்றுதான் சொல்வார். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். சர்க்கரை மாத்திரை எத்தனை மணிக்கு? பல்செட் மாட்டினால் எதை மெல்ல முடிகிறது? கீழே தரைத்தளத்தில் ஹால் இருக்கிறதா, நாற்காலிக்குக் கைப்பிடி உண்டா, கை கழுவும் இடத்துக்கு எத்தனை படி, கழிவறை எப்படி? இதையெல்லாம் முதல் நாளே ஊரில் இருக்கிற ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் “இருக்கு சார்” என்றுதான் பதில் வரும்.

பெரிய குடும்பமாகப் போகும்போது இன்னும் சில. நம் ஊர் மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்குச் சூடாக இருக்கும். இரண்டரைக்கு மேல் ரசம்தான் மிஞ்சும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் மாலை போட்டவர்களும் மேல்மருவத்தூர் பக்தர்களும் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். சைவக் கடையில் ஒரு நாற்காலிக்குப் பின்னால் மூன்று பேர் நிற்பார்கள். அதே மாதங்களில் அசைவக் கடையில் கூட்டம் குறைவு. அதனால் சில கடைகள் அயிட்டங்களையும் குறைத்துவிடும். முதல் நாளே போய், எத்தனை இலை, எத்தனை மணி என்று சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தால், ஒரு மூலையை உங்களுக்கென்று ஒதுக்கி மேசைகளைச் சேர்த்துப் போட்டுவைப்பார்கள். காரம் குறைத்த கூட்டு ஒன்று, பருப்புச் சாதம் கொஞ்சம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்கலாம். குடிக்க வெந்நீர் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

பில் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் பெரிய உணவகங்களின் பில்லில் சேவைக் கட்டணம் பத்து சதவீதம், அதற்கு மேல் ஒன்பது சதவீதம் ஜி.எஸ்.டி. என்று தானாகவே சேர்ந்து வரும். நம் ஊர்ச் சாதாரணக் கடையில் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.யோடு முடிந்துவிடும்; சேவைக்கென்று எதுவும் சேராது. அதனால் பரிமாறியவர் கையில் டிப்ஸ் கொடுக்கும்போதே, இலை எடுத்து மேசை துடைத்தவரையும் கூப்பிட்டுக் கொடுங்கள். கல்லாவில் வைத்துவிட்டு வந்தால் அது அவரிடம் போய்ச் சேரும் என்பது நிச்சயமில்லை.

நண்டு வாங்கித் தருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆயாவுக்கு நண்டு பிடிக்கும் என்று பெருமையாக ஒரு பெரிய நண்டை அவர் இலையில் வைத்துவிட்டு, நீங்கள் உங்கள் நண்டோடு மல்லுக்கட்டப் போய்விடுகிறீர்கள். ஓட்டை உடைக்க அவர் விரலில் இப்போது வலுவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, காலை முறித்து, சதையை நீளமாக உருவி, சோற்றின் மேல் வைத்துக் கொடுங்கள். ஒரு காலத்தில் உங்களுக்கு அவர் மீன்முள் எடுத்துக் கொடுத்ததுபோல.

வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. நாலு நாள் இட்லி, சாதம் என்று ஓடினால் ஐந்தாம் நாள் பீட்சா கேட்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி அரை மணி, முக்கால் மணி நேரம். ஒரு சாயங்காலம் கூட்டிப்போய்க் கடற்கரைச் சாலையில் நடக்கவிட்டு, கேட்டதை வாங்கிக் கொடுங்கள். ஆனால் அதைக் குடும்பத்தின் விசேஷச் சாப்பாடு என்று அறிவித்து, ஆயாவையும் தாத்தாவையும் வேனில் ஏற்றி, முள்கரண்டியின் முன்னால் உட்காரவைக்காதீர்கள். அந்தச் சாயங்காலம் பிள்ளைகளுடையதாகவே இருக்கட்டும்.

கடைசியாக, காசு கொடுத்து வாங்க முடியாத ஒரு சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் மருதூரில் பிறந்த வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று ஏற்றிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. பசித்து வருகிற யாருக்கும் சாதி, மதம் கேட்காமல் சோறு. சென்னை விமான நிலையத்தில் இறங்கி, பண்ருட்டி வழியாகச் சிதம்பரம் வருகிறவர்கள் வடலூரைத் தாண்டித்தான் வருகிறீர்கள். நெய்வேலி கடந்தாயிற்று, ஊர் வந்துவிட்டது என்று தூக்கக் கலக்கத்தில் தாண்டிவிடுகிறீர்கள். இந்த முறை வண்டியை நிறுத்துங்கள். முன்கூட்டியே தெரிவித்து, ஒரு மூட்டை அரிசியோ காய்கறியோ கொடுத்துவிட்டு, எல்லாரோடும் வரிசையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடுங்கள். எந்தச் சாப்பாடு விசேஷம் என்று உங்கள் பிள்ளைகள் பிற்காலத்தில் யோசிக்கும்போது, அந்த வரிசையும் அவர்கள் நினைவில் இருக்க வேண்டும். அடுத்த இலையில் சாப்பிடுகிறவர் யார், எவர் என்று தெரியாமல், அவருக்கு வந்த அதே சோறு தனக்கும் வந்தது என்பதை ஒரு பிள்ளை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆகவே, டிக்கெட் போடுவதற்கு முன்னால் பஞ்சாங்கம் பாருங்கள். போட்டதும் தேதியைச் சொல்லுங்கள். எத்தனை பேர், யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்று ஒரே ஆள் எங்களுக்கு எழுதுங்கள். ஏழு பேர் எழுத வேண்டாம். எந்த நாள் வீட்டில், எந்த நாள் கடையில், எந்த நாள் ஆற்றங்கரையில் என்று நாங்கள் ஒரு பட்டியல் போட்டு அனுப்புகிறோம். அதைப் பார்த்தபின் கடைகளின் படத்தை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஊரோடு இருக்கும் உங்கள் சித்தப்பாமார், மாமாமார், அத்தைமார் சார்பில்,
சிதம்பரத்திலிருந்து ஒரு மாமா

பி.கு.: திரும்பும்போது கொத்சுப் பொடி வேண்டும் என்று கேட்பவர்கள், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். வறுத்து ஆறவைத்து அரைக்க நேரம் வேண்டும். கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். சிட்னிக்காரர்கள் விமானத்தில் தரும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறது என்று மறக்காமல் எழுதிக் காட்டிவிடுங்கள். அங்கே அபராதம் கட்டினால், அந்தப் பொடிதான் உலகத்திலேயே விலை உயர்ந்த கொத்சுப் பொடியாக இருக்கும்.